லாக்டோமீட்டரும் பெயரில்லாத என் மகளும்

சாப்பாட்டு மேசையின் நடுவில் ஒரு நீளமான கண்ணாடி ஜாடி. ஜாடி நிறையப் பால். பாலுக்குள் ஒரு லாக்டோமீட்டர் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் என் அப்பா குனிந்து நிற்கிறார். அந்தப் பக்கம் என் மாமனார். இருவருடைய மூக்கும் மேசை மட்டத்தில் இருந்தன.

“யாரும் மேசையைத் தொடாண்டாம்” என்றார் அப்பா.

“யாரும் மூச்சும் விடாண்டாம்” என்றார் மாமா.

உள்ளறைக் கட்டிலில், பிறந்து ஒரு மாதமே ஆன என் மகள் பெயரில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன பெயர் என்று அந்தக் கண்ணாடிக் குழாய் சொல்லப்போகிறதாம்!

நான் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். இந்தக் கருவியை வைத்து எத்தனையோ வருஷம் பாடம் எடுத்திருக்கிறேன். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சொல்லும். வெண்ணெயை எடுத்துவிட்டு அளவாகத் தண்ணீர் ஊற்றினால் அதைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் ஏமாந்துபோகும். அவ்வளவுதான் அதன் அறிவு. இதையெல்லாம் அன்றைக்கு அந்த வீட்டில் யார் கேட்டார்கள்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஞானஸ்நானம். அன்று சாயங்காலம் என் கணவர் ரெக்ஸனுக்குத் திருவனந்தபுரத்தில் விமானம். கத்தார் கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. போனால் பதினோரு மாதம் கழித்துத்தான் வருவார். ஞாயிறு காலைக்குள் பெயர் முடிவாகாவிட்டால் ஞானஸ்நானம் தள்ளிப்போகும். தன் மகளுக்குப் பெயர் வைப்பதை அவர் போனில்தான் பார்க்க வேண்டும். எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம்

போன வாரம் எங்கள் கல்யாணக் கதையைப் படித்துவிட்டு, “இரண்டு வீட்டாரும் இப்போதாவது பேசிக்கொள்கிறார்களா?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. ரெக்ஸன் வீடு கடற்கரையில். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள், மீன் வியாபாரம். என் வீடு அருமனை. ரப்பர் தோட்டம், சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டன்ட் சபை. கல்யாணத்தன்று இரண்டு வீட்டாரும் இரண்டு பந்தலில் சாப்பிட்டார்கள். அதன் பிறகு, பிள்ளை பிறக்கும்வரை, ஒரே அறையில் உட்கார்ந்ததே கிடையாது.

கல்யாணத்துக்கு முன்பே ஒரு உடன்படிக்கை போட்டிருந்தார்கள். பிறக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் அவர்கள் கோயிலில். பெயர், ஊர் வழக்கப்படி, அப்பா பெயரில் பாதியும் அம்மா பெயரில் பாதியும் சேர்த்து. எந்தப் பாதி முன்னால் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. இத்தனை பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசினார்களே, ஒருத்தருக்காவது தோன்றியிருக்கக் கூடாதா!

பிரசவத்துக்கு அருமனைக்கு வந்தேன். பக்கத்து வீட்டுத் தாசையன் மாட்டுப் பால்தான் எங்களுக்கு. பிள்ளை பெற்றவள் குடிக்கிற பாலாயிற்றே என்று அப்பா கோட்டாறு வரை போய், லேப் சாமான் விற்கிற கடையில் ஒரு லாக்டோமீட்டரும் அதற்கான ஜாடியும் வாங்கி வந்தார். தினமும் காலையில் பரிசோதனை நடக்கும். அடியில் ஈயக் குண்டு போட்ட கண்ணாடிக் குழாய். அதன் தண்டில் கீழே ‘எம்’ என்ற எழுத்து, மேலே ‘டபிள்யூ’. நல்ல பால் என்றால் ‘எம்’ வரைதான் முங்கும். வெறும் தண்ணீர் என்றால் ‘டபிள்யூ’ வரை இறங்கிவிடும். தாசையன் பால் எப்போதும் ‘எம்’மில்தான் நின்றது. அப்பாவுக்கு அதில் அப்படியொரு பெருமை.

படுத்துப் படுத்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. ஒருநாள் காலையில் ரெக்ஸனும் மாமாவும் பிள்ளையைப் பார்க்க வந்திருந்தபோது அப்பா அந்தக் குழாயை ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? டீச்சர் புத்தி!

“லாக்டோன்னா பால், அது லத்தீன். மீட்டர்னா அளவு, அது கிரேக்கம். ரெண்டு பாஷைக்காரங்களையும் கேக்காம யாரோ பாதி பாதி ஒட்டிட்டான். நம்ம ஊர்ல பிள்ளைங்களுக்குப் பேரு வைக்கிற மாதிரிதான்” என்றேன்.

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. இரண்டு அப்பாக்களும் அந்தக் குழாயை உற்றுப் பார்த்தார்கள்.

“அப்பம் லத்தீன்தானே முன்னால நிக்குது?” என்றார் மாமா, ரொம்ப மெதுவாக.

ரெஜிஸ்டரைப் பார்த்தால் போதும்

எங்கள் மாவட்டத்தில் இந்தப் பெயர் ஒட்டுகிற வழக்கம் எந்த அளவுக்கு என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. என் வகுப்பு வருகைப் பதிவேட்டைத் திறந்தால் போதும். ஷைஜோ என்று ஒரு பையன். அம்மா ஷைலா, அப்பா ஜோசப். பெர்லிசா என்று ஒரு பெண். அப்பா பெர்னார்டு, அம்மா எலிசா. பெற்றோர் கூட்டத்துக்கு அவர்கள் வந்து உட்காரும்போதே எனக்கு யார் யாருக்குச் சொந்தம் என்று பாதி தெரிந்துவிடும்.

ஒருமுறை ஒரு தகப்பனாரிடம், “உங்க பேரு லாரன்ஸ்தானே?” என்று கேட்டுவிட்டேன். அந்த மனிதர் எழுந்து நின்று, “டீச்சருக்கு எப்படித் தெரியும்?” என்று வியர்த்துப்போனார். என்னை ஏதோ ஜோசியக்காரி என்று நினைத்துவிட்டார்.

கருவிகளின் பெயர்களும் இந்த ஜாதிதான் என்று எனக்குப் புரிந்தது லேப் அலமாரியால். எல்லாக் கருவிக்கும் சீட்டு ஒட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. வெறும் பெயரை எழுத அலுப்பாக இருந்ததால் வேர்ச்சொல்லையும் தேடி எழுதினேன். தெர்மோமீட்டர்: வெப்பம், அளவு, இரண்டும் கிரேக்கம். பாரோமீட்டர்: பாரம், அளவு, இரண்டும் கிரேக்கம். மைக்ராஸ்கோப்: சிறியது, பார்ப்பது, அதுவும் கிரேக்கம். கலோரிமீட்டர் வந்தபோது முதல் பாதி லத்தீன், பின்பாதி கிரேக்கம். லாக்டோமீட்டரும் அப்படியே. கலப்புக் கல்யாணம்! எனக்கும் அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. அந்த இரண்டு சீட்டை மட்டும் பச்சை மையில் எழுதினேன்.

தலைமையாசிரியை வந்து பார்த்துவிட்டு, “இது லேபா, வேதபாட கிளாஸா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

கிரேக்கம் யார் கட்சி?

சரி, அருமனைக்கு வருகிறேன்.

“லத்தீன் எங்க ஆளாக்கும்” என்றார் மாமா. “எனக்க அப்பன் லத்தீன் பூசைக்கு லத்தீன்லயே பதில் சொன்ன மனுஷன். அர்த்தம் தெரியாது, ஆனா ஒரு எழுத்து பிசகாது. லத்தீன் முன்னால நிக்கதுனால, எனக்க மவன் பேருதான் முன்னால வரணும். ரெக்ஸின்ஸி.”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பா கண்ணாடியைத் துடைத்தால் சபைக் கமிட்டியே நடுங்கும். “புதிய ஏற்பாடு எந்தப் பாஷையில எழுதினது? கிரேக்கத்துல. லத்தீன் பிறகு வந்த மொழிபெயர்ப்பு. மூலம்தான் முன்னால நிக்கணும். பிரின்ரெக்ஸி” என்றார்.

என் பெயர் பிரின்ஸி. என்னை யாரும் கேட்கவில்லை.

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “முதல் பேரு ரெக்ஸின் சோபா உறை மாதிரி இருக்கு. ரெண்டாவது ரப்பர் மரத்துக்கு அடிக்கிற மருந்து மாதிரி இருக்கு. எம் பிள்ளைக்க பிள்ளைக்கு வேற பேரே கெடைக்கலியா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அந்த வீட்டில் அன்று புத்தியோடு பேசியது அவள் ஒருத்திதான்.

அடுத்த பத்து நாளும் இதே கூத்து. மாமா கடற்கரையிலிருந்து போன் பண்ணுவார். “மக்கா, லத்தீன்ல மட்டும் ஒரு கருவி சொல்லு.” நான் செக்ஸ்டன்ட் என்பேன். கடலில் சூரியனைப் பார்த்து இடத்தைக் கணிக்கிற கருவி, ஆறில் ஒரு பங்கு என்று அர்த்தம், சுத்த லத்தீன். கடல் சாமான் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. இதைக் கேள்விப்பட்டதும் அப்பா என் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். “பாலுக்குக் கிரேக்கத்துல என்ன மக்களே?” ‘காலா’ என்றேன். கேலக்ஸி என்று சொல்கிறோமே, வானத்துப் பால்வீதி, அந்தச் சொல் அதிலிருந்து வந்ததுதான். முழுக்கக் கிரேக்கத்தில் வேண்டுமென்றால் கேலக்டோமீட்டர் என்றே சொல்லலாம். அப்படியும் ஒரு பெயர் இருக்கிறது. அப்பா அதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டில் லாக்டோமீட்டர் என்று சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை.

நான் ஏன் இரண்டு பேருக்கும் பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். கேட்டால் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. அதுதான் என் வியாதி.

ரெக்ஸன்? அவர் வாயே திறக்கவில்லை. வருவார், பிள்ளையை மடியில் போட்டுக்கொள்வார், அதன் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார். எனக்கு வந்ததே ஒரு கோபம்! “ஏதாவது சொல்லுங்களேன், உங்க பிள்ளைதானே?” என்றேன். “ரெண்டு பேரும் பேசி முடிக்கட்டும் பிரின்ஸி. கல்யாணத்துக்குப் பெறவு அவங்க பேசுகதே இப்பம்தானே” என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவும் உண்மைதான். அதற்காக என் கோபம் குறையவில்லை.

பாலே, நீ சொல்லு

சனிக்கிழமை காலையில் மாமா தன் மீன்வண்டியை ஓட்டிக்கொண்டு ரெக்ஸனுடன் வந்தார். கையில் ஒரு தூக்குவாளி. அதில் பால்.

“உங்க குழாயே சொல்லட்டும்” என்று மேசையில் வைத்தார். “எங்க பாலையும் அளந்து பாரும், உங்க பாலையும் அளந்து பாரும். எது சுத்தமோ அந்த வீட்டுப் பேரு முன்னால. என்ன, சம்மதமா?”

அட ஆண்டவரே! சபைக் கமிட்டியில் முப்பது வருஷம் இருந்த அப்பா இதற்குச் சம்மதிக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைக்கக்கூட இல்லை. “சம்மதம்” என்றார். தாசையன் பால்மேல் அவ்வளவு நம்பிக்கை.

காலையில் வந்த பாலை அம்மா ஏற்கெனவே காய்ச்சிவிட்டிருந்தாள். அப்பா வேலிக்கு மேல் சத்தம் போட்டு இன்னொரு லிட்டர் வாங்கி வந்தார். ஜாடி ஒன்றுதான் இருந்தது. மாமாவின் பாலுக்குப் பூச்சாடியைக் கழுவி எடுத்ததும், “எங்க பாலு மட்டும் பூச்சாடியிலயா?” என்று மாமா எழுந்துவிட்டார். கடைசியில் ஒரே ஜாடியில் ஒன்றன்பின் ஒன்றாக அளப்பது என்று முடிவானது. பாலின் சூடு ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று நான் வேறு உள்ளறை வாசலில் நின்று கத்தினேன். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் மாமாவின் பால். குழாய் இறங்கியது, ஆடியது, நின்றது. ‘எம்’மைத் தாண்டி, ‘எம்’முக்கும் ‘டபிள்யூ’வுக்கும் நடுவில். பாலில் கணிசமாகத் தண்ணீர் இருந்தது. மாமாவின் முகம் சுருங்கியது. கடற்கரையில் ஏது மாடு? வழியில் ஒரு பண்ணைக்காரனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு வாங்கிய பால் அது.

அப்பா ஜாடியைக் கழுவித் துடைத்து, தாசையன் பாலை ஊற்றினார். குழாயை விட்டார். அப்போதுதான் இருவருடைய மூக்கும் மேசை மட்டத்துக்கு வந்தன.

குழாய் நின்றது. அதே இடத்தில். நூல் பிசகாமல் அதே நடுவில்.

“வெள்ளம்! இதுலயும் தண்ணிதான்!” என்றார் மாமா.

அப்பா வெளியே போய் தாசையனை வேலியோரம் கூப்பிட்டார். நான் ஜன்னல் வழியாகக் கேட்டேன். தாசையன் ஒன்றையும் மறைக்கவில்லை. “சார் தெனமும் குழாய் போட்டுப் பாக்கியளே, அதனால சாருக்குக் காலையில தனியா நல்ல பாலு கொண்டு வருவேன். இப்பம் கேட்டது மத்தவங்களுக்குள்ள பாலாக்கும்” என்றான்.

இதை அவன் மரியாதை செய்கிற குரலில்தான் சொன்னான்.

மீன்வண்டியில் இரண்டு அதிகாரிகள்

அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. மாமா ஜெயித்ததாகக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்பாவின் தோளில் கை வைத்தார். “விடும் சம்மந்தி. எனக்குத் தந்தவனும் இதே களவாணிதான். சத்தியம் பண்ணித் தந்தானே பாவி! வாரும், அவன ஒரு கேள்வி கேட்டுட்டு வருவோம்.”

அப்பா குழாயையும் ஜாடியையும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். இருவரும் மீன்வண்டியில் ஏறினார்கள். மீன் வாசம் என்று மூக்கைப் பொத்துகிற அப்பா முன் சீட்டில் லாக்டோமீட்டரை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அம்மா வாசலில் நின்று, “எங்கே போறீங்க ரெண்டு பேரும்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வண்டி போய்விட்டது.

சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் திரும்பி வந்தார்கள். பண்ணைக்காரனைக் கேட்டதோடு நிற்கவில்லை. தக்கலை வரைக்கும் ரோட்டோரம் இருந்த ஒவ்வொரு சாயாக்கடையிலும் இறங்கிப் பாலை அளந்திருக்கிறார்கள். ஒரு கடைக்காரன் இவர்களைச் சோதனைக்கு வந்த ஆபீசர்கள் என்று நினைத்து, இரண்டு சாயாவும் நான்கு பழம்பொரியும் கொடுத்து, “சார், எழுதிராதீங்க” என்று கெஞ்சினானாம். அதைச் சொல்லிச் சொல்லி மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்பாவும் சிரித்தார். அப்பா பல் தெரியச் சிரித்து நான் பார்த்தே எத்தனையோ நாளாகியிருந்தது.

“அதிருக்கட்டும், பேரு என்னாச்சு?” என்று கேட்டேன்.

“எந்தப் பேரு?” என்றார் அப்பா.

அழுகை வந்துவிட்டது எனக்கு. சத்தம் போட்டே அழுதேன். “நாளைக்குக் காலையில ஞானஸ்நானம். சாயங்காலம் அவரு போயிருவாரு. எம் பிள்ளைக்குப் பேரில்ல. நீங்க ரெண்டு பேரும் ஊரு பாலை அளந்துட்டு வாறீங்க!”

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆனாலும் பெயர் மட்டும் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

ஞாயிறு காலை

கோயில் கடலைப் பார்த்து இருந்தது. ஜன்னல் வழியாக உப்புக் காற்று உள்ளே வந்து மெழுகுவர்த்திகளை அணைத்துக்கொண்டே இருந்தது. பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்த தாளைச் சாமியார் ஒருமுறை பார்த்தார், எங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு, “பிள்ளைக்கு என்ன பேரு?” என்று கேட்டார்.

“ரெக்ஸின்ஸி” என்றார் அப்பா.

“பிரின்ரெக்ஸி” என்றார் மாமா.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. நான் திரும்பிப் பார்த்தேன். கட்சி மாறியிருக்கிறார்கள்! ராத்திரி தனித்தனியாகப் படுத்து யோசித்து, ஆளுக்கொரு பக்கம் மனம் இளகி, மற்றவருக்கு விட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

“இல்ல சம்மந்தி, உங்க பாதியே முன்னால இருக்கட்டும்” என்றார் அப்பா.

“அது சரிவராது. நீங்க பெரியவரு, உங்க வீட்டுப் பேருதான் முன்னால வரணும்.”

“நான் சொன்னா சொன்னதுதான்.”

“நானும் அப்படித்தான்.”

மாமாவின் குரல் உயர்ந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றினார். பத்து நாள் போட்ட சண்டையையே திருப்பிப் போட்டு, ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார்கள். சாமியார் கையில் தண்ணீரோடு நின்றார். பிள்ளை வீறிட்டது.

“ரெண்டு பேரும் நிறுத்துங்க” என்றார் ரெக்ஸன்.

அவர் அப்படிச் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அவருடைய அப்பாவும் கேட்டதில்லை போலிருக்கிறது. வாயைத் திறந்தபடி நின்றார்.

“எனக்க பேரையும் வெட்டாண்டாம், அவ பேரையும் வெட்டாண்டாம். வருஷத்துல பதினோரு மாசம் நான் இந்தப் பிள்ளைக்குப் போன்ல தெரியுத அப்பன். பாதி அப்பன். பேருலயும் பாதியா நிக்கதுக்கு எனக்கு மனசில்ல. பிள்ளைக்கு ஒரு பேரு வைங்க, அதுக்குப் பின்னால எனக்க பேரு முழுசா வரட்டும்.” அவர் என் பக்கம் திரும்பினார். “முதப் பேரு நீ சொல்லு, பிரின்ஸி. பெத்தவ நீதானே.”

பத்து நாளாக எல்லோரையும் திட்டித் தீர்த்த எனக்கு ஒரு பெயர்கூடத் தயாராக இல்லை. சாமியார் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பீடத்தில் யாரோ சாமந்தி வைத்திருந்தார்கள்.

“மலர்” என்றேன்.

அப்பாவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லத்தீன் இல்லை, கிரேக்கம் இல்லை. தமிழ் என்று ஒன்று இருப்பது பத்து நாளாக எங்கள் இரண்டு வீட்டிலும் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை, நான் உட்பட. எதிர்த்துப் பேச இரண்டு பேருக்குமே வழியில்லை.

“மலர் ரெக்ஸன்” என்று சாமியார் தண்ணீரை ஊற்றினார்.

அன்று சாயங்காலம் ரெக்ஸன் போனார். விமான நிலையத்துக்கு என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார், பச்சை உடம்பு. மீன்வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு இரண்டு அப்பாக்களும் போனார்கள்.

மறுநாள் பகலில் போன் வந்தது. கடலுக்குள் இருக்கிற அந்த மேடையிலிருந்து. ஒரே காற்றும் இரைச்சலும். ஹலோ கூடச் சொல்லவில்லை அவர்.

“மலர் ரெக்ஸன்” என்றார்.

“அவ தூங்குறா” என்றேன்.

“எழுப்பாண்டாம், எழுப்பாண்டாம். சும்மா சொல்லிப் பாத்தேன்.” இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தினார். “போனை அவ காதுகிட்ட வை பிரின்ஸி. இன்னும் ஒருக்கா சொல்லுதேன்.”

வைத்தேன்.